தண்ணீரில் பாட்டு கேட்கலாமா?

விடுமுறை வந்தால் நம் வீடுகளுக்கு இரண்டு வரவுகள் உண்டு. ஒன்று, பெங்களூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள். மற்றொன்று, அவர்கள் பெட்டியில் வரும் புதுப் பொருள்கள். ஒரு காலத்தில் வளைகுடாவிலிருந்து வந்தவரின் பெட்டியைத் திறந்தால் டேப்ரிக்கார்டரும் வாக்மேனும் இருக்கும். தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். இப்போது வரும் பொருள்களில் ஒன்று, தண்ணீருக்குள் நீந்திக்கொண்டே பாட்டு கேட்கும் கருவி. தலையின் பின்பக்கம் ஒரு வளையம் போல் மாட்டிக்கொள்ள வேண்டும். கம்பி கிடையாது, கைப்பேசியும் கூட வரவேண்டியதில்லை. குதித்து மூழ்கினாலும் பாட்டு நிற்பதில்லை.

சென்ற சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "நீச்சலுக்குப் போனால்கூடப் பாட்டா? காலம் கெட்டுவிட்டது" என்றார் ஒரு பெரியவர். "இதில் என்ன தப்பு சார்? நடக்கும்போது கேட்கிறோம், ஓடும்போது கேட்கிறோம், நீந்தும்போது கேட்டால் மட்டும் குற்றமா?" என்றான் கல்லூரி மாணவன் ஒருவன். இருவரும் சொன்னதில் பாதி சரி என்பது என் எண்ணம். நான்கு பக்கம் சுவரும் கரையில் ஒரு காவலரும் உள்ள நீச்சல்குளத்தில் தாராளமாகக் கேட்கலாம். ஆறு, அணை, ஏரி, கல்குவாரிப் பள்ளம் ஆகிய இடங்களில் கூடவே கூடாது. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் குடியிருக்கும் நமக்கு நீச்சல்குளம் அரிது. ஆறும் அணையும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டிப்ளமா படித்துவிட்டு ரயில் பாதையில் வேலை பார்த்தவன் நான். எந்தப் பொருளையும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நம்புகிற வழக்கம் எனக்கு இல்லை.

சோனி நிறுவனம் வாக்மேனை ஜப்பானில் 1979 ஜூலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் மஞ்சள் நிறத்தில் விளையாட்டுக்காரர்களுக்கென்று ஒரு வாக்மேன் வந்தது; மழைத் துளியும் வியர்வையும் பட்டால் அது தாங்கும், அவ்வளவுதான். கேசட் ஓடும் பெட்டியைக் கட்டிக்கொண்டு யாரும் நீந்த முடியாது. பாட்டு, நாடாவை விட்டுச் சிறு மின்னணுச் சில்லுக்குள் குடியேறிய பிறகுதான் தண்ணீருக்குள் பாட்டு என்பது சாத்தியமாயிற்று.

வீட்டில் நாம் காதில் செருகிக்கொள்ளும் புளூடூத் கருவியைப் போட்டுக்கொண்டு நீந்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நடக்காது. புளூடூத் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செல்கிறது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. உணவில் உள்ள தண்ணீர் அந்த அலையை உறிஞ்சிச் சூடாகிறது. குளத்துத் தண்ணீரும் அப்படியே உறிஞ்சிவிடும். சில அங்குல ஆழத்துக்குள் அலை மடிந்துவிடும். ஆகவே, கரையில் இருக்கும் கைப்பேசியிலிருந்து நீருக்குள் இருக்கும் காதுக்குப் பாட்டு வராது. நீச்சலுக்கான கருவி, பாட்டுகளைத் தனக்குள்ளேயே சேமித்து வைத்திருக்க வேண்டும். வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நான்கு ஜி.பி. கொள்ளளவு இருந்தால் ஏறக்குறைய ஆயிரம் பாட்டு அடங்கும்; ஒருவருக்கு அது தாராளம்.

அடுத்து, பெட்டியின் மேல் ஐ.பி.எக்ஸ். 7, ஐ.பி.எக்ஸ். 8 என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். 8 என்றால் அதற்கு மேலும் தாங்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். இந்தச் சோதனை அசையாத நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. கையை வீசி நீந்தும்போது ஏற்படும் மோதல், குளத்தில் கலக்கும் குளோரின், கடலின் உப்பு ஆகியவற்றை அந்த எண் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜ் செய்ய வேண்டும்.

இனி ஒலி காதுக்குள் எப்படிச் செல்கிறது என்று பார்ப்போம். இந்தக் கருவிகளில் பல, காதின் துளைக்குள் போவதில்லை. காதுக்கு முன்னால் கன்ன எலும்பின் மேல் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, அந்த எலும்பை மெல்ல அதிரச் செய்கின்றன. அந்த அதிர்வு மண்டையோடு வழியாக உட்காதுக்குப் போய்ச் சேர்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்போது இயற்கையாகவே நமக்கு ஒலி பெரும்பாலும் எலும்பு வழியாகத்தான் கேட்கிறது என்பதால், இந்த முறை நீருக்குள் நன்றாக வேலை செய்கிறது. "காதுத் துளை திறந்தே இருக்கிறது, ஆகவே வெளிச்சத்தமும் கேட்கும்" என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். தரையில் நடக்கும்போது அது உண்மை. ஆனால் நீந்தும்போது பாட்டு இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகக் காதை அடைத்துக்கொள்ளும் ரப்பர் அடைப்பான்களையும் சில நிறுவனங்கள் அதே பெட்டிக்குள் வைத்து அனுப்புகின்றன. திறந்த காது, தண்ணீரில் இறங்கும்போது மூடிய காதாகிவிடுகிறது. இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வருகிறேன்.

இதன் நன்மையை மறைக்க நான் விரும்பவில்லை. ஓய்வு பெற்ற பிறகு என் முழங்கால் வலிக்கு மருத்துவர் நீச்சலைச் சொன்னார். தண்ணீரில் உடம்பின் பாரம் மூட்டில் விழுவதில்லை. ஆனால் ஒரே குளத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கும், அந்தச் சுவரிலிருந்து இந்தச் சுவருக்கும் போய்வருவதைப் போல அலுப்பான வேலை வேறு இல்லை. பேச ஆள் இல்லை, பார்க்கக் காட்சி இல்லை. குளத்தின் அடியில் ஓடும் கறுப்புக் கோடு ஒன்றுதான் துணை. என் மகன் இந்தக் கருவியை வாங்கி வந்து, பேத்தி அதில் பாட்டுகளை ஏற்றிக் கொடுத்த பிறகு, இருபது நிமிடத்தில் கரையேறிக்கொண்டிருந்த நான் நாற்பது நிமிடம் நீந்துகிறேன்.

என் பேத்தி ஏற்றிக் கொடுத்தவை பெரும்பாலும் எம்.எஸ்.விஸ்வநாதனும் இளையராஜாவும் இசையமைத்த பாடல்கள். மெல்லிசை மன்னர் பிறந்தது பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில், 1928-இல். இசைஞானியின் ஊரான பண்ணைப்புரம், இடுக்கி மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தில் இருக்கிறது. நம் எல்லைப்புறத்தின் ஒரு முனை ஒருவரைத் தந்தது, மறுமுனை மற்றவரைத் தந்தது. அவர்கள் பாட்டைத் தண்ணீருக்குள் கேட்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை இங்குள்ள தமிழர்கள் புரிந்துகொள்வார்கள்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டுமில்லை. அமெரிக்க ஆய்வாளர்கள் 24 நீச்சல்காரர்களை எலும்பு வழியே இசை கேட்டும் கேட்காமலும் நீந்தச் செய்து அளந்து பார்த்து, அதன் முடிவை 2012-இல் வெளியிட்டார்கள். இசையோடு நீந்தியபோது 800 மீட்டர் தூரத்தைச் சராசரியாக ஆறரை விநாடி குறைவாக எடுத்துக்கொண்டு கடந்திருக்கிறார்கள். பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டு உற்சாகம் தருகிறது என்பதற்கு அது சான்று. மற்றொரு பக்கமும் உண்டு. உலக நீச்சல் சம்மேளனத்தின் விதிகள், வேகத்துக்கோ தாளத்துக்கோ உதவும் எந்தக் கருவியையும் போட்டியில் அணியக்கூடாது என்கின்றன. ஒலிம்பிக்கில் 23 தங்கம் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ் பெரிய ஹெட்போனோடு வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நீரில் குதிக்கும் முன் அதைக் கழற்றி வைத்துவிடுவார்.

இதுவரை சொன்னது நீச்சல்குளத்துக் கதை. இனி நம் ஊர்த் தண்ணீருக்கு வருவோம்.

நீச்சல்குளத்துத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். காலையில் நான்கடி என்றால் மாலையிலும் நான்கடிதான். நம் ஆறுகள் அப்படியில்லை. ஆழியாறு தமிழ்நாட்டில் அணைகட்டித் தேக்கப்பட்டு, கேரளத்துக்குள் நுழைந்து சித்தூர்ப் புழையாகிறது. பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாக நம் பக்கம் வரவேண்டும். அந்தத் தண்ணீர் மேலே திறக்கும்போது வருகிறது. கொழிஞ்சாம்பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதும் வரலாம். மழை பெய்வது ஓரிடம், வெள்ளம் ஏறுவது வேறிடம் என்பது இங்கே அன்றாட நடப்பு. 2024 ஜூலையில் சித்தூர்ப் புழையில் இறங்கிய கருநாடகக்காரர்கள் நான்கு பேர், தண்ணீர் திடீரென ஏறியதால் நடு ஆற்றில் பாறை மேல் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் சுற்றிலும் வெள்ளம் சீறிக்கொண்டிருக்கக் கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கரை சேர்த்ததை நாம் அனைவரும் தொலைக்காட்சியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். அவர்கள் பிழைத்தது நம் தீயணைப்பு வீரர்களின் திறமை.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2021 செப்டம்பரில் கோவையிலிருந்து வாளையாறு அணைக்கு வந்த மூன்று மாணவர்கள் நீரில் மூழ்கி இறந்தார்கள். அந்தச் சாவுக்கும் பாட்டுக் கருவிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை நினைவூட்டவே சொல்கிறேன். மேலே கண்ணாடி போல் இருக்கும். அடியில் எங்கே பள்ளம், எங்கே சேறு என்று யாருக்கும் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இத்தகைய தண்ணீரைப் பார்த்துத்தான்.

இடுக்கிப் பக்கம் இன்னும் கவனம் வேண்டும். செறுதோணி அணையின் மதகுகள் 26 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2018 ஆகஸ்டு 9-ஆம் தேதி திறக்கப்பட்டன. அதற்கு முன் நீல எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை என்று படிப்படியாக அறிவிப்பு வந்ததை அங்குள்ள நம் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். முல்லைப்பெரியாற்றின் மதகு திறந்தால் வண்டிப்பெரியாறு, உப்புத்தறை வழியாகத் தண்ணீர் இடுக்கி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. ஆற்றோரத்தில் இருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கைகள் எப்படி வருகின்றன? சங்கொலி, ஒலிபெருக்கி, கரையில் நிற்பவரின் கூக்குரல். மூன்றும் காது வழியாக வருபவை. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பவனுக்கு இந்த மூன்றும் இல்லை.

வெள்ளம் மட்டுமா? சின்னக்கானல் பக்கத்தில் ஆனையிறங்கல் என்று ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது. யானை இறங்கும் இடம் என்று பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். 2023-இல் அரிக்கொம்பன் என்ற யானையைப் பிடித்து இடம் மாற்றியது அந்தப் பகுதியிலிருந்துதான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் நம் சகோதரிகள் கிளை ஒடியும் சத்தத்தை வைத்தே யானை எந்தத் திசையில் நிற்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்த மலையில் காது என்பது ஆபரணம் மாட்டும் இடம் மட்டுமில்லை. உயிரைக் காக்கும் உறுப்பு.

இங்கே ஒலியைப் பற்றிய ஒரு சிறு கணக்கையும் சொல்ல வேண்டும். காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. தண்ணீரில் ஏறக்குறைய 1,480 மீட்டர். இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் பெரும்பாலும் திசையை அறிகிறோம். தண்ணீரில் அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடுவதால், சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதே நீந்துபவனுக்குத் தெரிவதில்லை. இன்னொன்று, கரையிலிருந்து ஒருவர் கத்தினால் அந்த ஒலி தண்ணீரின் மேற்பரப்பில் மோதிப் பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு சக்திதான் உள்ளே நுழைகிறது. அப்படியானால் நீந்துபவனுக்குக் கரைக்குரல் எப்போது கேட்கும்? மூச்சு வாங்கத் தலையைத் திருப்பும் அந்த ஒரு கணத்தில், வெளியே வரும் அந்த ஒரு காதில். கருவி இல்லாதபோதே நமக்கு மிஞ்சியிருப்பது அவ்வளவுதான். அந்தக் காதையும் ரப்பர் வைத்து அடைத்து, எலும்பு வழியே பாட்டையும் ஓட விட்டால், கரைக்கும் நமக்கும் உள்ள கடைசி நூலையும் நாமே அறுத்துக்கொள்கிறோம்.

நான் வேலை பார்த்த துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். மழைக்காலத்தில் ரயில் பாதையில் இரவு முழுவதும் ரோந்து போகும் தொழிலாளர்கள் உண்டு. கையில் விளக்கு, தோள்பையில் பட்டாசு. ஆபத்து என்றால் அந்தப் பட்டாசைத் தண்டவாளத்தின் மேல் கட்டி வைப்பார்கள். இன்ஜின் ஏறியதும் அது வெடிக்கும், ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். மூடுபனியில் கண் உதவாத இடத்தில் காதை நம்பும் ஏற்பாடு இது. அனுபவப்பட்ட ரோந்துத் தொழிலாளி பாலத்தின் மேல் சற்று நின்று கேட்பார். "சார், தண்ணி சத்தம் நேத்து மாதிரி இல்ல" என்று ஒருவர் என்னிடம் சொன்னால், நான் விளக்கை எடுத்துக்கொண்டு தூணைப் பார்க்கப் போய்விடுவேன். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவர் இல்லை. ஆனால் தண்ணீரின் பேச்சு அவருக்குப் புரிந்தது.

பாதையில் வேலை நடக்கும் இடங்களிலும் அப்படித்தான். வேலை செய்பவர்கள் குனிந்து வேலையைப் பார்ப்பார்கள். வண்டி வருகிறதா என்று பார்த்து ஊதல் ஊதுவதற்கென்றே ஒருவர் தனியாக நிற்பார். அந்த ஒருவருக்கு வேறு வேலை கொடுக்கக்கூடாது என்பது எழுதிய விதி. சம்மட்டி பிடிக்கும் பத்துப் பேரின் உயிர் அவர் ஊதலிலும், அந்தப் பத்துப் பேரின் காதிலும் இருக்கிறது. காதில் பாட்டோடு தண்டவாளத்தில் நடந்து, பின்னால் வந்த வண்டியின் ஒலி கேட்காமல் மடிந்த இளைஞர்களைப் பற்றி நீங்களும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த இடங்களுக்கு நேரில் போகவேண்டிய கடமை எங்களுக்கு இருந்தது. அதற்கு மேல் அதை விவரிக்க நான் விரும்பவில்லை. ஓட்டுநர் விடாமல் ஊதியிருப்பார். கேட்க வேண்டிய காது வேறிடத்தில் இருந்திருக்கும். ஆற்றில் நீந்துபவனின் நிலையும் இதுவே.

"எனக்கு நன்றாக நீச்சல் தெரியுமே, எனக்கென்ன பயம்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். நீச்சலில் நம் இனத்துக்கே பெருமை தேடித் தந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஈழத்து நவரத்தினசாமி 1954-இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையில் பிறந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் காட்டினார். ஈரோட்டுச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 1994-இல், பதின்மூன்றாம் வயதில், ஒரே ஆண்டுக்குள் ஆறு கடல் வழிகளை நீந்தி மிகிர் சென்னின் சாதனையை முறியடித்தபோது நம் சங்கங்களில் எல்லாம் இனிப்பு வழங்கினோம். இத்தகைய நெடுந்தூர நீச்சல்காரர்கள் தனியாக நீந்துவதில்லை. கூடவே ஒரு படகு வரும். படகில் இருப்பவர்களின் குரலையும் சைகையையும் பார்த்துத்தான் திசையையும் வேகத்தையும் மாற்றுவார்கள். அவ்வளவு தேர்ந்தவர்களுக்கே கரையின் குரல் தேவைப்படுகிறது. அந்த ஆனந்தனே 1984-இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிர் நீத்தார். தண்ணீர் ஆளைப் பார்த்து மரியாதை கொடுப்பதில்லை.

"பாட்டில்லாமல் அவ்வளவு தூரம் எப்படி நீந்துவது?" என்பது அடுத்த கேள்வி. டயானா நையாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 2013 செப்டம்பரில், 64-ஆம் வயதில், கியூபாவிலிருந்து ஃப்ளோரிடா வரை ஏறக்குறைய 53 மணி நேரம் நீந்தினார். அந்த நீச்சலின் சில விவரங்களைப் பற்றி நீச்சல் உலகில் விவாதம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. நீந்தும்போது தனக்குப் பிடித்த பாட்டுகளை மனத்துக்குள்ளேயே வரிசையாகப் பாடிக்கொண்டு, அதைக் கொண்டே நேரத்தைக் கணக்கிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை தவறாமல், காதும் அடைபடாமல் பாட்டு கேட்கும் வழி அது. வயலில் நாற்று நட்ட நம் பாட்டிமார்களுக்கும், ஏற்றம் இறைத்த நம் பாட்டன்மார்களுக்கும் அந்த வித்தை தெரிந்திருந்தது. ஏற்றக்காரன் பாட்டாலேயே சால் எண்ணினான். அவனுக்குப் பாட்டுப் பெட்டி தேவைப்படவில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. நம் பிள்ளைகள் பலருக்கு நீச்சலே தெரியாது. கொங்குநாட்டுக் கிணறுகளில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி, மாமன் மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, ஒரே கோடையில் நீந்தப் பழகிய தலைமுறை என்னுடையது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்தோம். குவார்ட்டர்ஸிலும் லயத்திலும் பிள்ளைகளை வளர்த்தோம். கிணறும் போயிற்று, கயிறு பிடிக்க மாமனும் பக்கத்தில் இல்லை. படிப்புக்கு டியூஷன் வைத்தோம், பாட்டுக்கும் பரதத்துக்கும் ஆசிரியர் தேடினோம். நீச்சலுக்கு யாரும் தேடவில்லை. ஆனால் விடுமுறைக்கு அணைக்கட்டுக்கும் அருவிக்கும் கூட்டிப்போகிறோம். அப்படிப்பட்ட பிள்ளையின் தலையில் பாட்டுக் கருவியை மாட்டிவிடுவது, நடக்கத் தெரியாத குழந்தைக்கு சைக்கிள் வாங்கித் தருவது போன்றது.

உலகம் முழுவதும் 2021-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 35,000 பேருக்கு மேல். ஐ.நா. சபை 2021-இல் ஜூலை 25-ஆம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உலக நாளாக அறிவித்தது. இதில் பாட்டுக் கருவியால் இறந்தவர்கள் இத்தனை பேர் என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் இன்னொரு காரணத்தைச் சேர்க்கும் முன்பே விழித்துக்கொள்வது புத்திசாலித்தனம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

ஆகவே, கருவி வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் சில கட்டுப்பாடுகளைத் தாமாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். காவலர் உள்ள நீச்சல்குளத்தில் மட்டும் அணியுங்கள். நீந்தப் பழகும் நாள்களில் அணியவே வேண்டாம். பழகுபவன் தன் மூச்சின் ஒலியையும், கை தண்ணீரில் விழும் ஒலியையும் கேட்டுத்தான் திருத்திக்கொள்கிறான். சளார் என்று அடித்தால் கை தவறாக விழுகிறது என்று பொருள். இருநூறு மீட்டர் நிற்காமல் நீந்த வந்த பிறகு பாட்டைப் பற்றி யோசிக்கலாம். ஒலியைக் குறைத்து வையுங்கள். எலும்பு வழியே போனாலும் போய்ச் சேர்வது அதே உட்காதுதான். பெருத்த ஒலி அதைக் கெடுக்கும். குளத்தில் பலர் இருக்கும்போது காதை அடைக்காதீர்கள். என் வயதுக்காரர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவர் கரையில் இருக்கும்போது இறங்குங்கள். ஆற்றுக்கோ அணைக்கோ குடும்பத்தோடு போனால், குளிக்க அனுமதி உள்ள இடமா என்று முதலில் பாருங்கள்; கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எல்லோரும் ஒன்றாக இறங்காமல், ரயில் பாதையில் நிற்பவரைப் போல ஒருவர் கரையில் நின்று பார்த்துக்கொள்ளட்டும். அவர் கையிலும் அந்த நேரத்தில் கைப்பேசி வேண்டாம்.

நம் சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் ஆண்டுவிழாவுக்கும் நன்கொடை திரட்டுகிறோம். கோலப்போட்டி, கட்டுரைப்போட்டி நடத்துகிறோம். எல்லாம் நல்லவையே. வரும் கோடை விடுமுறையில் நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பதினைந்து நாள் நீச்சல் வகுப்பு ஒன்றையும் நடத்துவோம். தகுதியான பயிற்சியாளரை அமர்த்தி, பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கினால் தாய்மார்கள் தயங்காமல் அனுப்புவார்கள். தோட்டப்பகுதியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கட்டணத்தைச் சங்கமே ஏற்கலாம். என் பங்குக்கு முதல் நன்கொடையைத் தரவும், வகுப்பு நாள்களில் கரையில் நின்று பார்த்துக்கொள்ளவும் நான் தயார்.

வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்தையே காதுக்காக ஒதுக்கியிருக்கிறார். பெரியவர் சொல்லைக் கேட்பதற்கு மட்டுமின்றி, ஆற்றின் சொல்லைக் கேட்பதற்கும் அந்தக் காதுதான் நமக்கு இருக்கிறது. பாட்டு எங்கேயும் ஓடிவிடாது. கரையேறித் தலை துவட்டிக்கொண்டு உட்கார்ந்தும் கேட்கலாம். பிள்ளைகள் முதலில் பத்திரமாகக் கரையேற வேண்டும்.